ஆறரை வருஷம் மட்டும் இருந்த மாகாணம்

நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் வங்கப் பிரிவினை என்றால் இரண்டு வருஷம்தான். 1905இல் கர்சன் பிரித்தார், 1911இல் ரத்து செய்தார்கள். பிரித்தாளும் சூழ்ச்சி, சுதேசி இயக்கம், வந்தே மாதரம், முடிந்தது பாடம். நடுவில் இருந்த ஆறு வருஷத்தில் அந்தப் பக்கம் பிரிந்து போன நிலத்தில் என்ன நடந்தது, அங்கே யார் ஆண்டார்கள், என்ன கட்டினார்கள், கலைத்தபோது யார் அழுதார்கள் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததாக ஞாபகம் இல்லை. அது ஒரு முழு மாகாணம். கிழக்கு வங்காளமும் அசாமும் என்று பெயர். டாக்கா தலைநகரம், ஷில்லாங் கோடைத் தலைநகரம். தனி செகரட்டேரியட், தனி சட்டசபை, சுமார் 3 கோடியே 10 லட்சம் ஜனம். 1905 அக்டோபர் 16இல் பிறந்து 1912 மார்ச் 31 இரவோடு போய்விட்டது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பார்த்துவிட்டு டாக்காவில் ஒரு பையிங் ஆபீஸுக்கு மெர்ச்சண்டைசராகப் போன ஆட்கள் நிறைய உண்டு, நானும் அவர்களில் ஒருவன். வெள்ளிக்கிழமை லீவு. ஊர் சுற்றுவதற்கு ரிக்‌ஷா பிடித்தால் யுனிவர்சிட்டி பக்கம் ஃபுல்லர் ரோடு என்று ஒன்று வரும், ரம்னா பக்கம் போனால் ஹேர் ரோடு, மின்டோ ரோடு. வெள்ளைக்காரன் பெயர் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் இந்த மூன்று பெயரும் ஒரே காலத்து ஆட்கள், அதில் இரண்டு பேர் இந்தக் காணாமல் போன மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் என்று தெரிந்த பிறகு விடமுடியவில்லை. அப்புறம் படிக்க ஆரம்பித்தேன், அதன் விளைவுதான் இது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரித்ததற்குச் சொன்ன காரணம் முழுப் பொய் இல்லை. அன்றைய வங்காள மாகாணம் என்பது இன்றைய மேற்கு வங்கம், வங்கதேசம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவின் பெரும்பகுதி எல்லாம் சேர்ந்தது. 1,89,000 சதுர மைல், 7 கோடியே 85 லட்சம் ஜனம். அப்போதைய பிரிட்டனின் மக்கள்தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை ஒரே ஒரு லெப்டினன்ட் கவர்னர் கல்கத்தாவில் உட்கார்ந்து ஆளவேண்டும். கிழக்கே பத்மா நதிக்கு அப்பால் இருந்த மாவட்டங்களுக்கு ரோடு இல்லை, போலீஸ் இல்லை, பள்ளிக்கூடம் குறைவு. டாக்கா ஒரு காலத்தில் முகலாயர்களின் வங்கத் தலைநகரம், மஸ்லினுக்கு உலகப் பெயர், ஆனால் 1900 வாக்கில் அது கல்கத்தாவுக்கு நெல்லும் சணலும் அனுப்பும் உள்ளூர் டவுன். விளைவது கிழக்கில், சணல் மில் ஹூக்ளி கரையில். நிலம் கிழக்கில், அதன் ஜமீன்தார் கல்கத்தா மாளிகையில்.

1903 டிசம்பரில் வெளிவந்த முதல் திட்டத்தில் நம் மதராஸும் இருந்தது, இது பலருக்குத் தெரியாது. ஒடியா பேசுகிறவர்களை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவருவது என்று சொல்லி, மதராஸ் மாகாணத்திலிருந்து கஞ்சம் மாவட்டத்தையும் விசாகப்பட்டினத்து ஏஜென்சி மலைப்பகுதியையும் வங்காளத்தோடு சேர்ப்பதாக யோசனை. மதராஸ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அது கைவிடப்பட்டது. மதராஸ் ஒரு கடிதத்தில் சாதித்ததை வங்காளிகள் ஆயிரக்கணக்கான கூட்டங்கள் போட்டும், கையெழுத்து மகஜர் அனுப்பியும் சாதிக்க முடியவில்லை. மதராஸ் பக்கம் எதிர்த்தது அரசாங்கம், அந்தப் பக்கம் எதிர்த்தது ஜனம், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆக நிர்வாகக் காரணம் இருந்தது உண்மை. அதற்குள்ளே இன்னொரு காரணம் இருந்ததும் உண்மை, அதை மறைக்கக்கூட இல்லை, ஃபைலில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்துறைச் செயலாளர் ரிஸ்லி 1904இல் எழுதிய குறிப்பில், ஒன்றாக இருக்கும் வங்காளம் ஒரு சக்தி, பிரிக்கப்பட்ட வங்காளம் பல பக்கமாக இழுக்கும், நம் ஆட்சியை எதிர்க்கும் கூட்டத்தைப் பலவீனப்படுத்துவதும் நோக்கங்களில் ஒன்று என்று பச்சையாகவே சொல்லியிருக்கிறார். ரிஸ்லி சாதாரண ஆள் இல்லை, 1901 சென்சஸில் சாதிகளை வரிசைப்படுத்தியவர். மனிதர்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

1904 பிப்ரவரியில் கர்சன் நேரிலேயே கிழக்கே போனார். சிட்டகாங், டாக்கா, மைமன்சிங். டாக்காவில் பேசும்போது, பழைய முஸ்லிம் ஆட்சியாளர்கள் காலத்துக்குப் பிறகு கிழக்கு வங்க முஸ்லிம்களுக்குக் கிடைக்காத ஒற்றுமை இந்தப் புது மாகாணத்தில் கிடைக்கும் என்ற பொருளில் பேசினார். அதே பயணத்தில் அடிக்கல் நாட்டியதுதான் இன்றைக்கும் நிற்கிற கர்சன் ஹால். செங்கல் சிவப்பு, முகலாய வளைவு, மேலே சின்னச் சின்ன குமிழ் மாடங்கள். நம் எழும்பூர் மியூசியம், சென்னை ஹைகோர்ட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதுசாகத் தெரியாது, ஒரே பாணிதான்.

கோடு எப்படிப் போட்டார்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய மூன்று டிவிஷன்கள், அதில் டார்ஜிலிங் மட்டும் நீங்கலாக, அப்புறம் மால்டா மாவட்டம், மலைத் திரிபுரா சமஸ்தானம், இவற்றோடு முழு அசாம். மொத்தம் 1,06,540 சதுர மைல். அதில் முஸ்லிம்கள் 1 கோடியே 80 லட்சம், இந்துக்கள் 1 கோடியே 20 லட்சம். மிச்சமிருந்த பழைய வங்காளத்தில் 5 கோடியே 40 லட்சம் பேர், அதில் வங்காளி பேசுகிறவர்கள் வெறும் 1 கோடியே 70 லட்சம்தான், மீதி இந்தியும் ஒடியாவும். அதாவது கல்கத்தா இந்துப் படிப்பாளிகள் கிழக்கே போனால் மதத்தால் சிறுபான்மை, மேற்கே இருந்தால் மொழியால் சிறுபான்மை. நிர்வாக வசதிக்காக மட்டும் பிரிக்கிறவன் இந்தி, ஒடியா பேசும் பகுதியைத்தானே வெட்டி எடுத்திருக்கவேண்டும்? 1912இல் கடைசியில் செய்தது அதைத்தான். அப்போது முடிந்தது 1905இலும் முடிந்திருக்கும்.

எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. 1905 ஆகஸ்ட் 7 கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம், அக்டோபர் 16 அன்று வீடுகளில் அடுப்பு மூட்டாமல், கங்கையில் குளித்து, தாகூர் சொன்னபடி ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டி நடந்த ஊர்வலம், எல்லாம் தெரிந்த கதை. இன்றைய வங்கதேச தேசிய கீதம் அந்தக் கொதிப்பில் அவர் எழுதியதுதான். ஆனால் எதிர்த்தவர்களுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. கல்கத்தா வக்கீல்களுக்கு டாக்காவில் தனிக் கோர்ட் வந்துவிடுமோ என்று பயம். கல்கத்தாவில் உட்கார்ந்து கிழக்கில் குத்தகை வசூலித்த ஜமீன்தார்களுக்கு இரண்டு அரசாங்கங்களுக்கு ஆள் வைத்துப் பார்க்கவேண்டிய செலவு. பத்திரிகைக்காரர்களுக்கு வாசகர்கள் போய்விடுவார்களோ என்ற கவலை. இதைச் சொன்னால் தேசபக்தியைக் கொச்சைப்படுத்துவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, மனிதர்கள் இரண்டு காரணத்துக்காகவும் ஒரே ஊர்வலத்தில் நடக்கலாம்.

இனி உள்ளே போவோம். முதல் லெப்டினன்ட் கவர்னர் பாம்ஃபில்ட் ஃபுல்லர், அதற்கு முன் அசாமில் சீஃப் கமிஷனராக இருந்தவர். கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர், வாயும் நீளம். பொது இடத்தில் வந்தே மாதரம் முழங்கத் தடை, பாரிசாலில் கூர்க்காப் படை, ஊர்வலம் போன பள்ளிகளுக்கு மிரட்டல். பாரிசால் என்பது சுதேசித் தலைவர் அஸ்வினி குமார் தத்தாவின் கோட்டை, அவருடைய சமிதி கிராமம் கிராமமாகப் பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருந்தது, சர்க்கார் கோர்ட்டுக்குப் போகாமலே வழக்கு தீர்ந்தது. 1906 ஏப்ரலில் அங்கே நடந்த மாகாண மாநாட்டில் போலீஸ் தடியடி நடத்தி, சுரேந்திரநாத் பானர்ஜியைக் கைது செய்து அபராதம் போட்டது. அந்த மாநாட்டுக்குத் தலைவர் யார் தெரியுமா? அப்துல் ரசூல், ஒரு முஸ்லிம் பாரிஸ்டர். கிழக்கு வங்க முஸ்லிம்கள் எல்லாரும் பிரிவினையை ஆதரித்தார்கள் என்று ஒரே கோட்டில் எழுதுகிறவர்கள் இவரை வசதியாக மறந்துவிடுவார்கள்.

ஃபுல்லர் விழுந்தது ஒரு சின்ன விஷயத்தில். சிராஜ்கஞ்சில் இரண்டு பள்ளிகளின் பையன்கள் கலாட்டா செய்தார்கள், அந்தப் பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்யச் சொல்லி கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அப்போது கர்சன் போய் மின்டோ வைஸ்ராயாக வந்தாகிவிட்டது. கோரிக்கையைத் திரும்பப் பெறு என்று மேலிடம் சொல்ல, அப்படியானால் ராஜினாமா என்று ஃபுல்லர் வீம்பு காட்ட, சரி என்று மின்டோ உடனே வாங்கிக்கொண்டார். 1906 ஆகஸ்ட். மொத்தம் பத்து மாத ஆட்சி. மாணவர்களோடு சண்டை போட்டுப் பதவி இழந்தவர் பெயரில் இருக்கிற அந்த ரோடு இப்போது டாக்கா பல்கலைக்கழகத்துக்கு உள்ளேதான் ஓடுகிறது.

கல்கத்தா கொண்டாடியது. டாக்காவில் அது வேறு மாதிரி பார்க்கப்பட்டது. நம் பக்கம் நின்ற ஒரே பெரிய அதிகாரியைக் கூச்சல் போட்டே அனுப்பிவிட்டார்கள், அப்படியானால் நாமும் அமைப்பாகச் சேரவேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. அதே அக்டோபரில் ஆகா கான் தலைமையில் சிம்லாவுக்குத் தூதுக்குழு போய் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கேட்டது. டிசம்பர் 30 அன்று டாக்கா ஷாபாக்கில், நவாப் சலிமுல்லா தோட்டத்தில், அவர் செலவில் கூடிய மாநாட்டில் முஸ்லிம் லீக் பிறந்தது. சலிமுல்லாவைப் பற்றி இரண்டு சித்திரங்கள் உண்டு, கடனில் மூழ்கி இருந்தவரை அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து வாங்கிவிட்டது என்பது ஒன்று, கிழக்கு வங்க முஸ்லிம்களுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்க உழைத்த தலைவர் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன். அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி குவாஜா அதிகுல்லா 1906 கல்கத்தா காங்கிரஸில் பிரிவினையை எதிர்த்துப் பேசியவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி.

பாடப்புத்தகம் அறவே தொடாத பகுதி பகிஷ்காரம் கிராமத்துக்குப் போனபோது நடந்தது. மான்செஸ்டர் துணி மலிவு, லிவர்பூல் உப்பு மலிவு. சுதேசித் துணி விலை அதிகம், சரக்கும் குறைவு. நகரத்து வக்கீல் வீட்டுக்கு அது தியாகம், நிலமில்லாத குடியானவனுக்கு அது கோவணத்தில் கைவைக்கிற விஷயம். கிழக்கில் ஜமீன்தார் பெரும்பாலும் இந்து, குடியானவர்கள் முஸ்லிம்களும், நாமசூத்திரர்கள் என்ற ஒடுக்கப்பட்ட சாதியாரும். ஜமீன்தாரின் ஆட்கள் சந்தையில் வந்து இந்தத் துணி விற்காதே, அந்த உப்பு வாங்காதே என்று மிரட்டும்போது, அதை அவன் தேச விடுதலையாகவா பார்ப்பான்? நாமசூத்திரர்கள் குருசந்த் தாக்கூர் தலைமையில் இந்த இயக்கத்தில் சேரமறுத்தார்கள், இத்தனை நாள் தொடாதவர்கள் இன்று ராக்கி கட்ட வந்தால் எப்படி என்பதுதான் அவர்கள் நிலை. 1907இல் முதலில் கொமில்லா, பிறகு ஜமால்பூர் என்று கலவரம் வெடித்தது. கடைகள் எரிந்தன, சிலைகள் உடைந்தன, வட்டிக்காரர்களின் பத்திரங்கள் கொளுத்தப்பட்டன. அந்தப் பத்திரம் எரிந்த செய்தியில்தான் பாதிக் காரணம் இருக்கிறது.

முன்னணியில் நின்ற தாகூரே இதன் பிறகு ஒதுங்கிக்கொண்டார். வெள்ளைக்காரன் தூண்டிவிட்டான் என்று சொல்வதைவிட, தூண்டிவிட முடிகிற அளவுக்கு நமக்குள் பிளவு ஏன் இருந்தது என்று பார்க்கவேண்டும் என்ற கருத்தில் அவர் அந்த வருஷமே எழுதினார். அவருக்குக் கிழக்கில் சிலைதஹ பக்கம் ஜமீன் நிர்வாகம் பார்த்த அனுபவம், குடியானவனைக் கிட்டத்தில் பார்த்தவர்.

இதே நெருப்பு நம் பக்கமும் வந்தது. 1907 மே மாதம் பிபின் சந்திர பாலை மதராஸ் கடற்கரையில் பேசவைத்ததில் பாரதிக்குப் பெரிய பங்கு. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16, பிரிவினையின் முதலாம் ஆண்டு நாள். 1908 மார்ச்சில் பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடியதை ஒட்டித்தான் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. தூத்துக்குடியில் சுதேசி என்றால் கோரல் மில் தொழிலாளியும் கூடவே நின்றான், நாவிதரும் வண்ணாரும்கூட எதிர்த்தரப்புக்கு வேலை செய்ய மறுத்தார்கள். மைமன்சிங் சந்தையில் அதே சொல்லுக்கு வேறு முகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வ.உ.சி. எவ்வளவு பெரிய வேலை செய்தார் என்பது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அசாமியர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை, அன்றும் சரி இன்றும் சரி. 1874இல் இருந்து தனியாக இருந்த சின்ன மாகாணம், ஒரே நாளில் டாக்காவின் வாலாக ஆகிவிட்டது. வங்காளிகளுக்குள் கரைந்துபோவோம் என்று அசாம் அசோசியேஷன் எதிர்த்தது, பலன் இல்லை.

அதே சமயம் டாக்காவில் வேலை நடந்துகொண்டிருந்தது. ரம்னாவின் பழைய புதர்க்காட்டைத் திருத்திப் புது நகரம் போட்டார்கள். பெரிய செகரட்டேரியட், லெப்டினன்ட் கவர்னருக்கு ஒரு வெள்ளை மாளிகை (கட்டி முடித்த பிறகு குடியிருக்கச் சரிப்படாது என்று ஆகிவிட்டது, நம் பொதுப்பணித்துறைக்கு அப்போதிருந்தே பாரம்பரியம் உண்டு), அதிகாரிகளுக்குப் பங்களாக்கள். கிழக்கில் பள்ளிகளும், அவற்றில் முஸ்லிம் பிள்ளைகளும் கூடினார்கள், சிட்டகாங் துறைமுகத்துக்கு மரியாதை வந்தது. லண்டனில் இந்தியா மந்திரி மார்லி, பிரிவினை முடிந்துபோன விஷயம், மாறாது என்று பார்லிமென்டில் சொன்னார். டாக்கா அதை நம்பியது. நம்பித்தான் கட்டியது.

1911 டிசம்பர் 12, டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் எழுந்து, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு, வங்காளம் மறுபடி ஒன்று என்று அறிவித்தார். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஆகஸ்டிலேயே லண்டனுக்கு எழுதி முடித்திருந்தும், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் தெரியும். தர்பாரில் உட்கார்ந்திருந்த சலிமுல்லாவுக்குத் தெரியாது. அவருக்கு அங்கேயே ஒரு பட்டமும் கொடுத்தார்கள். குண்டு போட்டவர்களுக்கு வெற்றி, விசுவாசமாக இருந்தவர்களுக்குப் பட்டயம் என்று அவர்கள் தரப்பில் கசப்பு ஏறியது. அரசாங்கத்தை நம்பி இருந்தால் காரியம் ஆகும் என்ற பழைய தலைவர்களின் கொள்கை அத்தோடு ஆட்டம் கண்டது. 1916இல் லீகும் காங்கிரஸும் லக்னோவில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதற்கு இந்த ஏமாற்றமும் ஒரு காரணம். சலிமுல்லா அதைப் பார்க்கவில்லை, 1915இல் இறந்துவிட்டார்.

1912 ஏப்ரல் 1 முதல் புது ஏற்பாடு. பீகாரும் ஒரிசாவும் சேர்ந்து ஒரு தனி மாகாணம், அசாம் பழையபடி சீஃப் கமிஷனர் கையில், ஒன்றுபட்ட வங்காளத்துக்கு முதல் கவர்னராகக் கார்மைக்கேல். இவர் வந்தது எங்கிருந்து? மதராஸிலிருந்து. 1911 நவம்பரில்தான் இங்கே கவர்னராகச் சேர்ந்திருந்தார், பெட்டியைப் பிரித்து வைப்பதற்குள் கல்கத்தாவுக்கு மாற்றல்.

டாக்காவைச் சமாதானப்படுத்த ஒரு பல்கலைக்கழகம் தருவதாக ஹார்டிஞ்ச் வாக்குக் கொடுத்தார். அதற்கும் கல்கத்தாவிலிருந்து எதிர்ப்பு, 1912 பிப்ரவரியில் ராஷ்பிஹாரி கோஷ் தலைமையில் ஒரு குழு போய் இது உள்ளுக்குள் இன்னொரு பிரிவினை என்று வாதாடியது. பிரிவினையை எதிர்த்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது, பல்கலைக்கழகத்தை எதிர்த்ததை என்னால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தும் நியாயப்படுத்த முடியவில்லை. யுத்தம் வந்து தள்ளிப்போய்க் கடைசியில் 1921 ஜூலையில் 877 மாணவர்கள், 60 ஆசிரியர்களோடு திறந்தார்கள். ஆளில்லாமல் கிடந்த மாகாணக் கட்டடங்கள் அப்படியே பல்கலைக்கழகம் ஆயின. கர்சன் ஹாலில் இயற்பியல். 1924இல் சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை அங்கே வேலை பார்க்கும்போது எழுதியது. 1928இல் அதே துறைக்கு ரீடராகப் போனவர் நம் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன், படிகங்களின் காந்தத் தன்மை பற்றிய அவருடைய முக்கியமான வேலைகள் அங்கே நடந்தவை. செகரட்டேரியட் கட்டடத்தின் ஒரு பகுதியில் கலைத்துறை. பின்னால் அதே கட்டடத்தில் மெடிக்கல் காலேஜ். 1952 பிப்ரவரி 21 அன்று, வங்க மொழிக்கான போராட்டத்தில், 144 தடையை மீறுவது என்று மாணவர்கள் முடிவெடுத்தது அந்த வளாகத்து மாமரத்தடியில்.

1947இல் நடந்தது 1905இன் மறுபதிப்பு என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோடே வேறு. 1905இல் மேற்கில் இருந்த ஜெஸ்ஸோரும் குல்னாவும் 1947இல் கிழக்கே போயின, 1905இல் கிழக்கில் இருந்த மால்டா, ஜல்பாய்குரி பெரும்பகுதி இந்தியாவோடு நின்றன. கேட்டவர்களும் வேறு. 1947 ஜூன் 20 அன்று வங்காளச் சட்டசபையில் மேற்குப் பகுதி உறுப்பினர்கள் 58க்கு 21 என்று பிரிக்கச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள், கிழக்குப் பகுதி உறுப்பினர்கள் 106க்கு 35 என்று பிரிக்கக்கூடாது என்றார்கள். 1905இன் ஊர்வலக்காரர்களின் பிள்ளைகள் பிரிவினை கேட்டார்கள். 1905இலும் 1911இலும் யாரிடமும் கேட்கவில்லை, இந்த முறை எம்.எல்.ஏ.க்களிடமாவது கேட்டார்கள். அந்தப் பழைய மாகாணத்து நிலத்தில் ஜனங்களையே நேரடியாகக் கேட்டது ஒரே இடத்தில், அசாமோடு இருந்த சில்ஹெட்டில், 1947 ஜூலை 6, 7 தேதிகளில். கிழக்கு வங்கத்துக்கு 2,39,619 ஓட்டு, அசாமுக்கு 1,84,041. அந்த மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த கூலிகளில் பெரும்பாலோருக்கு, நிரந்தரவாசிகள் இல்லை என்று சொல்லி, அந்த ஓட்டும் கொடுக்கவில்லை.